கூடிக் கற்றல்

மருத்துவ பீடத்துள் காலடி வைத்த அன்றே என்னுள் ஒருவகைச் செருக்கும் குடிபுகுந்துவிட்டது. நோயை அறிபவன் மருத்துவன். தாதியர் அவன் சொன்னதைச் செய்பவர். மருந்தாளர் அவன் எழுதியதைக் கொடுப்பவர். எவரும் கற்பிக்காமலே நான் கற்ற பாடம் இது.

மூன்றாம் ஆண்டில், தாதியத் துறை மாணவி ஒருவருடனும் மருந்தகத் துறை மாணவி ஒருவருடனும் சேர்ந்து ஒரு நோயாளரை ஆராயும்படி பணிக்கப்பட்டேன். நீரிழிவுடைய முதியவர், தனியே வாழ்பவர். பயிற்சித் தாளில் விரைந்து மெற்போமின் என எழுதினேன். “இவருடைய சிறுநீரகம் எந்நிலையில் உள்ளது?” என அமைதியாக வினவினார் மருந்தகத் துறை மாணவி. அறிக்கையைப் புரட்டினேன். சிறுநீரகம் மிகவும் பழுதுபட்டிருந்தது. அந்நிலையில் அம்மருந்து உடலில் தேங்கித் தீங்கு விளைக்கக்கூடும். வெட்கத்தோடு அதனை வெட்டி இன்சுலின் என எழுதினேன். “கண் மங்கிய இவருக்கு அளவு பார்த்து ஊசி ஏற்றுபவர் யார்?” என்றார் தாதியத் துறை மாணவி. அவர் முதியவரோடு நெடுநேரம் பேசியிருந்தார். நானோ அறிக்கையைக்கூட முழுமையாக வாசித்திருக்கவில்லை.

கூடிக் கற்றலை உலக சுகாதார நிறுவனம் 1988 இலும் 2010 இலும் தன் அறிக்கைகளில் வலியுறுத்தியது. ஆயினும், ஒரே மண்டபத்தில் விரிவுரை கேட்பது மட்டும் கூடிக் கற்றலாகாது. அங்கே நாங்கள் துறைவாரியாகவே பிரிந்து அமர்ந்தோம். ஒரு நோயாளரின் பொறுப்பைப் பகிர்ந்தபோதே ஒருவர் அறிவு மற்றவருக்குத் தேவைப்பட்டது. மதிப்பும் அங்கேதான் பிறந்தது.

ஒரு பகற்பொழுதில் செருக்கு அழிந்ததெனக் கூறேன். அவசர வேளைகளில் அது மீண்டும் தலைதூக்குகின்றது. அப்போதெல்லாம் அவ்விரு வினாக்களும் செவியில் ஒலிக்கின்றன. பிறரைக் கேட்கவிடாதவன் எத்துணை கற்றும் நோயாளருக்குத் துணையாகான்.