அயலுக்குப் பயந்தவன்

என் மகன் இரவில் அலறியபோது நான் அவன் வாயைப் பொத்தியிருக்கிறேன். எழுப்புகிறேன் என்று தோளைப் பிடித்து உலுக்கியுமிருக்கிறேன். அவனுக்கு நாலு வயது.

வெள்ளவத்தைத் தொடர்மாடியில் குடியிருக்கிறோம். ரயில் சத்தத்துக்குப் பழகிய சனம், பிள்ளை கத்தினால் கதவைத் திறந்து பார்க்கும். "தகப்பன் அடிக்கிறான் போல" என்று யாரோ சொன்னது காதில் விழுந்த பிறகு, எனக்குப் பிள்ளையை விட அயலைப் பற்றித்தான் கவலை. அவன் கண் திறந்திருக்கும், உடம்பு வேர்த்துக் கொட்டும். "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டபடியே என்னைத் தள்ளுவான். விடிந்ததும் கேட்டால் ஒன்றும் தெரியாது.

பழியைக் கொட்டாஞ்சேனையில் போட்டேன். மாமி வீடு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குக் கிட்ட. 2019 ஏப்ரல் 21இல் அங்கே குண்டு வெடித்த கதையைப் பிள்ளைக்கு முன்னால் கதைக்கிறார்கள், அதில்தான் வெருண்டுவிட்டான் என்று மனைவியிடம் சண்டை பிடித்தேன். மாமி அந்தக் கதையை எடுத்து நான் கேட்டதேயில்லை. இருந்தும் சனிக்கிழமைகளில் பிள்ளையை அங்கே அனுப்புவதை நிறுத்தினேன். "அம்மா வீட்டில அவன் ஒரு நாளும் கத்தினதில்லையே" என்றாள் மனைவி. காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிள்ளைகளுக்கான டொக்டர் குண்டைப் பற்றியோ பேயைப் பற்றியோ கேட்கவில்லை, மணியைத்தான் கேட்டார். பத்தரைக்குப் படுப்பான், பன்னிரண்டு மணியளவில் கத்துவான் என்றேன். "கெட்ட கனவு பெரும்பாலும் பின்னிரவில் வரும், பிள்ளை எழும்பிச் சொல்லும். இது முன்னிரவில், ஆழ்ந்த நித்திரையில் வருவது. பாதி விழிப்பு, பாதி நித்திரை. பிடித்து அமுக்கினால் இன்னும் மிரளுவான். அடிபடாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள், தானாக அடங்கும்" என்றார். குடும்பத்தில் யாராவது நித்திரையில் நடப்பவர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். மனைவி என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் நான் நித்திரையில் எழும்பிப் படலை வரைக்கும் நடந்த கதையை எங்கள் கலியாண வீட்டிலேயே அம்மா சொல்லிச் சிரித்திருந்தா.

அந்தப் பத்தரை மணிக்கும் நான்தான் காரணம். வேலையால் வர ஒன்பது மணியாகும். படுத்துவிட்ட பிள்ளையைக் கிச்சுக்கிச்சு மூட்டி எழுப்பி விளையாடுவேன். பாசம் என்று நினைத்திருந்தேன். நாள் முழுக்க ஏச்சு வாங்கி வருகிறவனுக்கு, தன்னைக் கண்டதும் துள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான். விடிய ஆறு மணிக்கு நேர்சரிக்கு எழுப்பவேண்டும். 'பெரிய பிள்ளை' என்று சொல்லிப் பகல் நித்திரையை நிறுத்தியவனும் நானே. மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 10 முதல் 13 மணித்தியாலம் நித்திரை வேண்டுமாம். அவனுக்கு எட்டுக்கூடக் கிடைக்கவில்லை. அம்மம்மா வீட்டிலோ எட்டு மணிக்கே விளக்கை அணைத்துவிடுவார்கள்.

இப்போது இங்கேயும் எட்டு மணிதான். டொக்டர் சொன்னபடி, வழக்கமாகக் கத்துகிற நேரத்துக்குக் கால்மணி முன்னதாக அவனைச் சில கிழமைகள் மெல்ல உசுப்பிவிட்டுப் படுக்கவைத்தோம். நன்றாகக் குறைந்துவிட்டது, காய்ச்சல் வந்தால் மட்டும் திரும்ப வருகிறது.

செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாருக்குக் கொளுத்திய மெழுகுதிரிதான் காப்பாற்றியது என்கிறார் மாமி. நானும் ஆமாம் என்று தலையாட்டுகிறேன். சனிக்கிழமைகளில் பிள்ளையை மறுபடி அனுப்புகிறோம். இடையில் ஏன் அனுப்பவில்லை என்று அவர் கேட்டதற்கு, வேலை கூட என்றேன்.