நாம் பங்கு வாங்கிய கதை

தங்கையின் திருமணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தில் 84,000 ரூபாயை எடுத்து, 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பங்கு வாங்கினோம். இந்தியன் ரயில்வே பைனான்ஸ் கார்ப்பரேஷனின் பங்குகள் 400. பங்கு ஒன்று 210 ரூபாய். இதை எழுத வெட்கமாகவே இருக்கிறது. ஆயினும் தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் நம்மவர் பலர் கைப்பேசியிலேயே பங்கு வாங்கி விற்கும் காலம் இது. ஆதலின் மறைப்பதில் பயனில்லை.

இக்கம்பெனியின் பங்கு 2021 ஜனவரியில் பொதுமக்களுக்கு 26 ரூபாய்க்கு வந்தது. அப்போது நம் ஆபீஸில் அதை ஏறெடுத்துப் பார்த்தவர் சிலரே. 2024 ஜூலையில் அது 229 ரூபாயைத் தொட்டது. ஆபீஸ் முழுவதும் அதே பேச்சு. மலிவாய்க் கிடைத்தபோது வேண்டாமென்று விட்டதை, எட்டு மடங்கு விலை ஏறியபின் ஓடிப்போய் வாங்கினோம். நாமோ ரயில்வே குமாஸ்தா. வண்டி ஓடும் வரையில் இக்கம்பெனிக்கு என்ன குறை வந்துவிடும் என்று எண்ணினோம். அவ்வெண்ணத்தில் பிழையில்லை, பிழை வேறிடத்தில் இருந்தது.

தாராவித் தொண்ணூறடிச் சாலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவரிடம் சென்று பெருமையாகச் சொன்னோம். அவர் கேட்டார்: "தம்பி, என் கடையை நாளைக்கு உனக்கு விற்கிறேன் என்றால் முதலில் என்ன கேட்பாய்?"

விலையைக் கேட்போம் என்றோம். அவர் சிரித்துவிட்டார்.

"விலையைக் கடைசியில் கேள். வருஷத்துக்கு என்ன நிற்கிறது, சரக்கும் சாமானும் என்ன பெறும், கடன் எவ்வளவு, வீட்டுக்கு எடுத்துப் போவது எவ்வளவு? இவற்றை முதலில் கேள்."

பொட்டலம் மடிக்கும் தாள் ஒன்றை எடுத்துக் கொண்டு, கம்பெனியின் கணக்கைப் படிக்கச் சொன்னார். 2023-24-இல் லாபம் சுமார் 6,412 கோடி ரூபாய். அதைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பங்குக்கு 4 ரூபாய் 91 காசு. நாம் கொடுத்த 210-ஐ அதனால் வகுத்தால் ஏறத்தாழ 43.

"லாபம் இப்படியே நின்றால், போட்ட பணத்தை லாபம் எட்டிப் பிடிக்க 43 வருஷம். இப்போது உனக்கு வயது என்ன?"

நமக்கு வயது 35. பதில் சொல்லவில்லை.

கடன் போகக் கம்பெனியின் சொந்த முதல் பங்கு ஒன்றுக்கு 37 ரூபாய்ச் சொச்சம். நாம் கொடுத்தது அதைப் போல ஐந்தரை மடங்கு. அவ்வாண்டின் லாப ஈவு பங்குக்கு ஒன்றரை ரூபாய். நம் 400 பங்குக்கு 600 ரூபாய். அதே 84,000 ரூபாயை அஞ்சலகத்தில் ஐந்தாண்டு வைப்பாக அன்று போட்டிருந்தால் 7.5 சதவிகித வட்டி. ஆண்டுக்கு 6,300 ரூபாய்க்குக் குறையாது.

கடனைப் பார்த்ததும் அண்ணாச்சி திடுக்கிட்டார். சொந்த முதலைப் போல எட்டு மடங்குக்கு மேல் கடன்! இங்கே மட்டும் நாம் குறுக்கிட்டோம். இக்கம்பெனி 1986-இல் ஏற்பட்டதே கடன் வாங்குவதற்காகத்தான். சந்தையில் கடன் திரட்டி, இஞ்சினும் பெட்டியும் வாங்கி, ரயில்வேக்குக் குத்தகைக்கு விடுகிறது. மளிகைக் கடைக்கு அரிசி எப்படியோ, இதற்குக் கடன் அப்படி. ஆகவே கடன் விகிதத்தை இதுபோன்ற நிதிக் கம்பெனிகளோடுதான் ஒப்பிட வேண்டும். அண்ணாச்சி ஒப்புக்கொண்டார். ஆனால் உடனே, "வாங்கும் வட்டிக்கு மேல் சிறு விகிதம் வைத்துப் பிழைக்கும் வியாபாரத்தில் லாபம் திடீரென்று நாலு மடங்கு ஆகுமா? ஆகாதென்றால் 43 மடங்கு விலை எதற்கு?" என்று மடக்கினார். 26 ரூபாய்க்கு விற்றபோது அது லாபத்தைப் போலப் பத்து மடங்கை ஒட்டியே இருந்தது. சொந்த முதலுக்கும் ஏறக்குறைய சமம்.

மடங்கு குறைந்தாலே மலிவு என்றும் கொள்ளக்கூடாது. இடிக்கப்படப் போகும் தெருவிலுள்ள கடை இரண்டு வருஷ லாபத்துக்கே கிடைக்கும், வாங்குவார் யார்? அமெரிக்க ஆசிரியர் பெஞ்சமின் கிரஹாம், எச்சரிக்கையானவர்கள் லாபத்தைப் போல 15 மடங்குக்கு மேலும், முதலைப் போல ஒன்றரை மடங்குக்கு மேலும் கொடுக்கலாகாது என்று எழுதியிருப்பதைப் பின்னர் அறிந்தோம். அண்ணாச்சி அவரைப் படித்தவரல்லர்.

அன்றே விற்றிருக்கலாம். அதற்குள் விலை இறங்கத் தொடங்கிவிட்டது. வாங்கிய விலை வரட்டும் என்று பிடிவாதமாக இருந்தோம். தையில் திருமணம் நிச்சயமாயிற்று. 2025 ஜனவரியில் 142 ரூபாய் வீதம் விற்றோம். கைக்கு வந்தது 56,800, நட்டம் 27,200. மார்ச்சில் விலை 110-க்கும் கீழே போயிற்று. இவ்வளவுக்கும் அந்த ஆண்டு கம்பெனியின் லாபம் குறையவில்லை. சற்றுக் கூடவே செய்தது. குற்றம் நாம் கொடுத்த விலையில்தான்.

தங்கைக்குப் போடுவதாகச் சொன்ன நகையில் அரைப் பவுன் குறைந்தது. அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொன் விலையோ அதன்பின் ஏறிவிட்டது. அதற்காக இப்போது மாதச் சீட்டுக் கட்டி வருகிறோம். அண்ணாச்சியின் பொட்டலத் தாளை நம் மனைவி சீட்டுப் புத்தகத்துக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறாள்.