குடற்சாறு

தலவில அன்னம்மாள் ஆலயத்தின் ஆகஸ்ட் திருவிழா முடிந்த மறுநாள், ஓலைக் கொட்டிற் கடையொன்றில் பன்றிக் குடற்சாறு அருந்தினோம். மிளகு மணத்தது, வாடையே இல்லை.

சிங்கப்பூருக்குப் பிழைக்கப்போன தியோச்சு சீனரும் குடலையும் ஈரலையும் இப்படித்தான் சாறாக்கினர். எங்கும் நல்ல சதை வசதியுள்ளோர்க்கு, எஞ்சியது உழைப்போர்க்கு. எஞ்சியதை உணவாக்கும் உழைப்புக்கோ விலையே இல்லை.

“நல்லாக் கழுவியிருக்கா, சேர்?”

நிமிர்ந்தோம். நம் மாணவன். குடலைப் புரட்டி, உப்பும் தேசிக்காயும் இட்டு, விடியுமுன் தேய்த்துக் கழுவியவன் அவனே. விரல்கள் வெளிறிச் சுருங்கியிருந்தன.

சென்ற தவணை இடாப்பில் அவன் பெயருக்கெதிரே ‘சோம்பேறி’ என்று எழுதியவர் நாம்.

பாடசாலை திறந்ததும் அச்சொல்லை அழிப்போம். அவனை வகுப்பில் இருத்த அது போதுமா?