நூறும் நூத்திமுப்பத்தஞ்சும்

சங்கராபுரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு டீக்கடை வாசலில் இரண்டு வண்டிகள் நிற்கும். இரண்டுமே யமஹா. இரண்டுமே டூ ஸ்ட்ரோக். ஒன்று கறுப்பு ஆர்எக்ஸ் 100, 1990ல் வாங்கியது. இன்னொன்று சிவப்பு ஆர்எக்ஸ் 135, 2001ல் வாங்கியது. தூரத்தில் இருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி தெரியும். ஆனால் கிட்டே போய் "ரெண்டும் ஒண்ணுதானே?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மதியம் சாப்பாடு வரைக்கும் விடமாட்டார்கள்.

135 வைத்திருப்பவர் உரக்கடைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். 100 வைத்திருப்பவன் மொபைல் ரீசார்ஜ் கடைப் பையன். (முப்பதை நெருங்கும் ஆளைப் பையன் என்று சொல்லலாமா என்று கேட்கக் கூடாது. கல்யாணம் ஆகும் வரைக்கும் ஊரில் எல்லாரும் பையன்தான்.) இருவரும் சொந்தம் இல்லை. இருந்தாலும் அவன் இவரைச் சித்தப்பா என்பான், இவர் அவனை மகனே என்பார். நல்ல மூடில் இல்லாவிட்டால் வேறு மாதிரியும் கூப்பிடுவார், அது இங்கே வேண்டாம்.

வண்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹாவோடு சேர்ந்து 1985ல் ஆர்எக்ஸ் 100ஐ இந்தியாவுக்குக் கொண்டு வந்தது. 98 சிசி, 11 குதிரைத் திறன், எடை நூறு கிலோவுக்குச் சற்று மேல். புல்லட்டும் ராஜ்தூத்தும் தடதடவென்று போய்க்கொண்டிருந்த ரோட்டில் இந்த எலிக்குட்டி வந்து நின்றது. கியரைப் போட்டு கிளட்சை விட்டால் முன்சக்கரம் மேலே போகப் பார்க்கும். 1996ல் புகைக்கட்டுப்பாடு இறுகியதும் 100 நின்றுபோனது. (பையன் பிறந்த வருஷமும் அதுதான். இதை அவன் ஒரு தகுதிச் சான்றிதழ் மாதிரி சொல்லிக்கொள்வான்.) அதன் வாரிசாக 135 வந்து 2005 வரை ஓடியது. அதோடு ஆர்எக்ஸ் வம்சமே முடிந்தது.

இரண்டுக்கும் என்னதான் வித்தியாசம்? இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம் இரண்டிலும் ஒரே 50 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடுகிற குழாயின் விட்டம்தான் வேறு. நூறில் 50, நூத்திமுப்பத்தஞ்சில் 58. கணக்குப் போட்டுப் பாருங்கள், முதலாவது 98 சிசி, இரண்டாவது 132 சிசி வரும். ஆக சண்டை முழுவதும் அந்த எட்டு மில்லிமீட்டருக்குத்தான்!

"ஒரிஜினல் எது சித்தப்பா? நூறு. உங்களுது அதைப் பார்த்து எழுதின காப்பி."

"காப்பி அடிச்சவன் கூட மார்க் வாங்கினா நீ என்னடா பண்ணுவ?"

"உங்க சைலன்சர் இருமுது. எங்க அப்பா வண்டி பாடும்."

"பாடும் பாடும். மழை பேஞ்சா பிளாட்டினம் பாயின்ட்டைத் தொடைச்சுக்கிட்டு ரோட்டோரம் நின்னு நீயும் சேர்ந்து பாடு."

(நூறில் பழைய காலத்து பாயின்ட், நூத்திமுப்பத்தஞ்சில் சிடிஐ. உரக்கடைக்காரருக்குக் கிடைத்த பெரிய ஆயுதம் அது.)

இந்தச் சண்டை பையன் ஆரம்பித்தது இல்லை. அவன் அப்பா ஆரம்பித்தது. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பிய பணத்தில் அவர் நூறை வாங்கினார். அப்போது சங்கராபுரம் தென்னாற்காடு மாவட்டம். 1993ல் விழுப்புரம் ஆனது, 2019ல் கள்ளக்குறிச்சி ஆனது. வண்டி ஒரே திண்ணை ஓரம் நின்றபடியே மூன்று மாவட்டம் பார்த்துவிட்டது. உரக்கடைக்காரர் புது 135ஐ 2001ல் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தியபோது, சுற்றி வந்து பார்த்துவிட்டு அப்பா சொன்னாராம்: "பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நூறு இல்லையே!" அன்றைக்குப் பற்றிய நெருப்பு. 2017ல் அப்பா இறந்த பிறகு சாவியோடு சேர்த்துச் சண்டையும் பையனுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு ஒரு வினோதமான விதி உண்டு. சங்கராபுரத்தில் இருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை, அங்கிருந்து கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலை. யார் முதலில் போகிறார்கள் என்பது கணக்கே இல்லை. மலைப்பாதையில் எதிரே பஸ் வரும், மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய வண்டி வரும், சந்தைக்குப் போகிற ஜனம் வரும். அதில் ரேஸ் விடுகிறவன் மடையன் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. பின்னே எப்படி ஜெயிப்பது? காதால்தான். கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றன் பின் ஒன்றாக ஏற வேண்டும். எந்த வண்டி மூச்சு வாங்கி மூன்றாவது கியரில் இருந்து இரண்டுக்கு முதலில் இறங்குகிறதோ அது தோற்றது. தோற்றவர் வெள்ளிமலையில் டீக்காசு கொடுக்க வேண்டும்.

நியாயமாகப் பார்த்தால் 132 சிசி வண்டி 98 சிசி வண்டியை மலையில் சுலபமாக ஜெயிக்க வேண்டும். ஆனால் எட்டு வருஷமாக டீக்காசு கொடுத்தது உரக்கடைக்காரர்தான். நூறு மூன்றாவது கியரிலேயே முக்கி முக்கி ஏறிவிடும். இவர்தான் ஏதாவது ஒரு வளைவில் இறக்கிவிடுவார்.

பையனுக்கு இதில் பெருமை தாங்காது. யூடியூப் பார்த்துப் பார்த்து அதற்கு ஒரு தத்துவமே வைத்திருந்தான். இங்கிலாந்தில் லோட்டஸ் என்று ஒரு கார் கம்பெனி. 1996ல் எலிஸ் என்று ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் கார் விட்டது. அலுமினியச் சட்டத்தைப் பசை போட்டு ஒட்டிச் செய்த கார். எடை 700 கிலோ சொச்சம்தான், அதாவது மாருதி 800 பக்கம். பிறகு 2000ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்காக அதே சட்டத்தை ஆதாரமாக வைத்து, அதே ஹெதல் தொழிற்சாலையில் இன்னொரு கார் செய்துகொடுத்தார்கள். இங்கிலாந்தில் அதன் பெயர் வாக்ஸால் விஎக்ஸ் 220, ஐரோப்பாவில் ஓப்பல் ஸ்பீட்ஸ்டர். எலிஸில் 1.8 லிட்டர் இன்ஜின், இதில் 2.2 லிட்டர். இன்ஜின் பெரிசு, எடை கூட, 2005ல் நிறுத்திவிட்டார்கள். இரண்டு கார்க்காரர்களும் இன்றுவரை ஒருவரை ஒருவர் கலாய்த்துக்கொண்டே இருக்கிறார்கள். "உன்னுது குடும்பக் கார் கம்பெனி பேட்ஜ்" என்பார் ஒருவர். "பேட்ஜுக்கு நீ கொடுத்த காசில் நான் பெட்ரோல் போடுவேன்" என்பார் மற்றவர்.

"பாத்தீங்களா சித்தப்பா? அதே கதைதான். என்னுது எலிஸ், உங்களுது வாக்ஸால். பவர் முக்கியம் இல்ல, வெயிட்டுதான் முக்கியம்." வெள்ளிமலை டீக்கடையில் இதைக் குறைந்தது நூறு தடவை சொல்லியிருப்பான். (இரண்டு ஆர்எக்ஸுக்கும் எடையில் பெரிய வித்தியாசமே கிடையாது என்பது வேறு விஷயம்.) உரக்கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே, "இருக்கும்டா மகனே" என்பார். அவ்வளவுதான். வாய்க்கு வாய் பேசுகிற மனுஷன் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஏன் விட்டுக்கொடுக்கிறார் என்று யாரும் யோசிக்கவில்லை.

2025ல் பிரச்சனை வந்தது. 1990ல் பதிவான வண்டி. பதினைந்து வருஷம் முடிந்ததில் இருந்து ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஆர்சி புதுப்பிக்க வேண்டும். முறை வந்த நேரம் பார்த்து அந்த ஆகஸ்டில் மத்திய அரசு, இருபது வருஷம் தாண்டிய பைக்குகளுக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2,000 ரூபாய் ஆக்கியது. பசுமை வரி தனி. அது கூடப் பரவாயில்லை. தங்கை நர்சிங் கடைசி வருஷம், ஃபீஸ் கட்ட வேண்டும். ரீசார்ஜ் கடை வருமானம் தெரிந்ததுதானே, எல்லாரும் போனிலேயே போட்டுக்கொள்கிறார்கள்.

சேலத்தில் இருந்து ஒருவர் பழைய யமஹா வாங்குகிறார் என்று கேள்விப்பட்டு போட்டோ அனுப்பினான். பதில் வந்தது: ஒரு லட்சத்துப் பத்தாயிரம்!

காமர்ஸ் படித்தவர்கள் இங்கே கொஞ்சம் நிற்கவும். வருமான வரிக் கணக்கில் வண்டிக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம். எழுதிக்கொண்டே போனால் 35 வருஷத்தில் 100 ரூபாய் வண்டி 34 பைசா ஆகிவிடும். புத்தகம் 34 பைசா என்கிறது, சேலம்காரர் வாங்கின விலையைப் போல் பல மடங்கு தருகிறேன் என்கிறார். தேய்மானம் சொல்லிக்கொடுக்கும் எந்த வாத்தியாரும் ஆர்எக்ஸ் 100ஐ உதாரணமாக எடுக்காததன் காரணம் புரிகிறதா?

அவர் பார்க்க வந்த அன்று உரக்கடைக்காரரும் டீக்கடையில் இருந்தார். வாடிக்கையாகப் பேசுகிற பேச்சு எதுவும் இல்லை. பையன் சும்மா இருக்க முடியாமல், "சார், அந்த 135 என்ன போகும்?" என்று கேட்டுவிட்டான். வந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "அதுவா... நல்லா இருந்தா ஒரு நாப்பது" என்றார். இருபத்து நாலு வருஷமாகத் தீராத வழக்குக்கு அரை நிமிஷத்தில் தீர்ப்பு. கேட்டதற்காகப் பையன் அப்போதே வருத்தப்பட்டான்.

அடுத்து நூறை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். ஒரு உதை, இரண்டு உதை, பத்து உதை. ம்ஹூம். அவன் நெற்றியில் வேர்வை. அந்த நேரம் உரக்கடைக்காரர் எழுந்து வந்தார். மேக்னெட் கவரைக் கழற்றினார், உப்புத்தாளைக் கிழித்து பாயின்ட்டுக்கு நடுவில் விட்டு இரண்டு இழுப்பு. "இப்ப ஒதை." முதல் உதையில் பிடித்துக்கொண்டது.

வந்தவருக்குத் திருப்தி. இருந்தாலும் தொழில்காரர் இல்லையா? கீழே குந்தி இன்ஜினைப் பார்த்தார். பிளாக்கின் அடிப்பக்கம் கறுப்புப் பெயின்ட்டை வண்டிச் சாவியால் லேசாகச் சுரண்டினார். போன் வெளிச்சத்தில் பார்த்தார். நிமிர்ந்தார்.

"தம்பி, கேஸ்தான் நூறோடது. பிளாக் 135. நாப்பத்தஞ்சு வேணா தர்றேன்."

பையன் சண்டைக்குப் போனான். எங்க அப்பா வண்டி, ஒரு நட்டு கூட மாத்தல, என்று கத்தினான். அப்புறம்தான் பக்கத்தில் இருந்த ஆளைத் திரும்பிப் பார்த்தான். உரக்கடைக்காரர் உப்புத்தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். 2008ல் ஒருநாள் கச்சிராயபாளையத்தில் இருந்து திரும்பும்போது அப்பாவின் நூறு பிஸ்டன் பிடித்து நின்றுவிட்டது. டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு ஆயிலும் சேர்ந்து எரிய வேண்டும். யமஹாவில் அதற்குத் தனி டேங்க், தனி பம்ப். அந்த டேங்க் காலி ஆனதை அவர் கவனிக்கவில்லை. பிளாக் உள்ளே கோடு கோடாகக் கீறிப்போயிருந்தது. கரும்புப் பணம் வராத நேரம். உரக்கடைக்காரர் தன் வண்டிக்கென்று வாங்கி வைத்திருந்த 135 பிளாக்கைத் தூக்கிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் கொடுத்தார். லேத்தில் கேஸ் வாயை லேசாகக் கடைந்து அதை உட்கார வைத்தார்கள். அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். டீக்கடையில் யாருக்கும் தெரியக் கூடாது. நூறுக்கு மேல் வண்டி இல்லை என்று ஏழு வருஷமாகப் பேசிவிட்டு, 135 பிளாக் போட்டு ஓட்டுகிறான் என்று தெரிந்தால் மானம் போய்விடும் என்றாராம்.

மூன்று பேருக்குத் தெரியும். அதில் ஒருவர் போய்விட்டார். மெக்கானிக் தாத்தா ரிங் மாற்றும்போதெல்லாம் தானே கள்ளக்குறிச்சி போய் வாங்கி வந்துவிடுவார், பையனை விடமாட்டார். மூன்றாவது ஆள் எட்டு வருஷம் வெள்ளிமலையில் டீக்காசு கொடுத்தார். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வழக்கு முடிந்திருக்கும். சொல்லவில்லை.

அன்றைக்கு வண்டி விற்கவில்லை. ஃபீஸுக்கு ஒரு ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தார்கள், தள்ளுபடியில் கொஞ்சம் கைவிட்டுப் போனது. யார் பெயரில் இருந்த சீட்டு என்று கேட்டால் இரண்டு பேரும் பேச்சை மாற்றுவார்கள்.

ஆர்சி பிரச்சனை மட்டும் பாக்கி. புத்தகத்தில் 98 சிசி என்று இருக்க, உள்ளே 132 சிசி ஓடுவது சட்டப்படி சரியில்லை. உரக்கடைப் பரணில் யூரியா சாக்கில் சுற்றி அந்தப் பழைய பிளாக் கிடந்தது. 17 வருஷம்! கோயமுத்தூரில் கொடுத்து லைனர் போட்டு, கேஸ் வாய்க்கு ஒரு புஷ் கடைந்து அடித்து, நூறை மறுபடியும் நூறாக்கினான் பையன். அதற்கு ஆன செலவைச் சொன்னால் அவன் அம்மா இன்றைக்கும் திட்டுவார்.

தை பிறந்து முதல் ஞாயிறு இருவரும் மலை ஏறினார்கள். கோமுகி அணை தாண்டி மூன்றாவது வளைவு. முன்னால் போன நூறு திணறியது. டக்கென்று இரண்டாவது கியர். பின்னால் வந்த 135 மூன்றிலேயே வந்தது.

வெள்ளிமலையில் வண்டியை நிறுத்திவிட்டு உரக்கடைக்காரர் கேட்டார்.

"என்னடா, மூணாவது வளைவுலயே எறக்கிட்ட?"

"நூறு சித்தப்பா. அவ்ளோதான் இழுக்கும்."

அவர் வழக்கம்போல் சட்டைப் பையில் கையை விட்டார். பையன் முந்திக்கொண்டு காசை எடுத்துக் கல்லாவில் வைத்தான். எட்டு வருஷத்தில் முதல் தடவை என்பதால் ஒரு டீ என்ன விலை என்றே அவனுக்குத் தெரியவில்லை. டீக்கடைக்காரர்தான் சொன்னார்.