பதினெட்டுக் குழி பஜார்

கல்கத்தாவுக்குப் போகிறவர்கள் காளிகட்டத்தில் அம்மனைத் தரிசிப்பார்கள். ஹௌராப் பாலத்தின் மேல் நடப்பார்கள். ரஸகுல்லா வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். இப்போது கொல்கத்தா என்று பெயர் மாறியிருந்தாலும் இந்த மூன்று கடமைகளில் மாறுதல் இல்லை. நானும் அவற்றை ஒழுங்காக நிறைவேற்றிவிட்டு, லேக் மார்க்கெட் பக்கத்தில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் என் நண்பர் வீட்டில் காப்பி அருந்திக்கொண்டிருந்தேன். நண்பர் ஒரு கம்பெனியில் கணக்கு உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்.

"ஓய்! இந்த ஊரின் பெரிய கடைத்தெருவைப் பார்த்தீரா?" என்று கேட்டார்.

"படா பஜாரைத்தானே சொல்கிறீர்? பார்த்தாயிற்று. என் கால் விரல்களைக் கேட்டால், எத்தனை மூட்டைகள் அவற்றின்மேல் ஏறி இறங்கின என்று சொல்லும்."

"அங்கே மூட்டைகள் கைமாறும். கம்பெனிகள் கைமாறுகிற கடைத்தெரு ஒன்று இருக்கிறது. நாளைக் காலை ஐந்தரை மணிக்குத் தயாராக இரும். செருப்பு வேண்டாம்; பூட்ஸ் போட்டுக்கொள்ளும்" என்றார்.

மறுநாள் அவர் என்னை அழைத்துச் சென்ற இடம் டோலிகஞ்ச். வாசலைத் தாண்டியதும் நகரத்தின் இரைச்சல் கத்தரித்தாற்போல் நின்றுவிட்டது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பச்சைப் புல்வெளி. இடையிடையே பனி மூடிய குளங்கள். குளத்தங்கரையில் ஒற்றைக் காலில் தவம் செய்யும் கொக்குகள். தராசு இல்லை, பெயர்ப் பலகை இல்லை, விலை கூவுகிறவர் இல்லை. தூரத்தில் நாலு கனவான்கள் ஒரு சிறிய வெள்ளைப் பந்தின் பின்னால் நிதானமாக நடந்துகொண்டிருந்தார்கள்.

"கடைத்தெரு எங்கே?" என்று கேட்டேன்.

"நீர் நிற்கிற இடந்தான்" என்றார் நண்பர்.

வேலூரிலிருந்து வந்த வழி

அந்த இடம் ராயல் கல்கத்தா கோல்ப் கிளப். 1829-ஆம் வருஷத்தில் ஏற்பட்டது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகில் உள்ள கோல்ப் கிளப்புகளில் இதுதான் மூத்தது. முதலில் டம்டம் பக்கத்தில் ஆடினார்கள். பிறகு நகரத்து மைதானத்துக்கு வந்தார்கள். கடைசியில் டோலிகஞ்சில் நிலைத்தார்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இந்தியாவுக்கு வந்த 1911-ஆம் வருஷத்தில் 'ராயல்' பட்டம் கிடைத்தது.

பெயர் ராயலாக இருந்தாலும், ஆட்டத்தை இங்கே வேரூன்றச் செய்தவர்கள் ஸ்காத்லாந்துக்காரர்கள். அந்த தேசத்தின் பார்லிமெண்டு 1457-ல் கோல்ப் ஆடக் கூடாது என்றே சட்டம் போட்டது. ஜனங்கள் வில்வித்தை பழகாமல் பந்தைத் துரத்திக்கொண்டு திரிகிறார்கள் என்பது சர்க்காரின் குறை. அந்தச் சட்டத்தை எத்தனை பேர் மதித்தார்கள் என்பதற்கு டோலிகஞ்ச் புல்வெளியே சாட்சி! ஹூக்ளி நதிக்கரையில் 1855-ல் முதல் சணல் ஆலை எழுந்தது. அதன் பின் ஆலைமேல் ஆலையாகப் பெருகியபோது, டண்டீ நகரத்திலிருந்து ஸ்காத்லாந்துக்காரர்கள் கூட்டங் கூட்டமாக வந்து மானேஜர்களானார்கள். சணலும் தேயிலையும் நிலக்கரியும் அவர்களுடைய கம்பெனிகளின் கையில் இருந்தன. கோல்ப் மட்டை அவர்களுடைய கையிலேயே இருந்தது.

டோலிகஞ்சுக்கும் நமக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு அவருடைய மக்களை வேலூர்க் கோட்டையில் வைத்திருந்தார்கள். 1806-ஆம் வருஷம் ஜூலை 10-ந் தேதி வேலூரில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். உடனே கம்பெனியார் அந்த அரச குடும்பத்தை அங்கிருந்து கிளப்பி, ஆயிரம் மைலுக்கப்பால் டோலிகஞ்சில் கொண்டு வந்து குடியேற்றினார்கள். நாடிழந்த அரச குமாரர்கள் பெருமூச்சு விட்ட பக்கத்தில், பிற்காலத்தில் துரைமார்கள் பந்தாடினார்கள். இதை நினைத்தபோது பாலாற்றங்கரைக் காற்று ஒரு கணம் என் முகத்தில் வீசியது போலிருந்தது.

வியாபாரம் நடக்கும் விதம்

நண்பர் ஆடத் தொடங்கினார். நான் பார்வையாளன். அவருடைய மட்டைப் பையைத் தூக்கி வந்த பெரியவருக்குக் 'கேடி' என்று உத்தியோகப் பெயர். நம்மூரில் அந்தப் பெயர் போலீஸ் ஸ்டேஷன் பதிவுப் புஸ்தகத்தில் இருக்கும். ஆகையால் முதலில் சற்றுத் திடுக்கிட்டேன். பிறகு பார்த்தால், அந்த மைதானத்தில் அவரைப்போல் நம்பத் தகுந்த மனிதர் வேறு யாரும் இருப்பார்களா என்று தோன்றிவிட்டது. காற்று எந்தப் பக்கம், குளம் எவ்வளவு தூரம், எந்த மட்டையை எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் சொன்னபடியே நடந்தது. நண்பர் அவர் பேச்சைத் தட்டிய இரண்டு தடவையும் பந்து குளத்தில் விழுந்தது.

"நான்கு மைலுக்குக் குறையாத நடை, நாலு மணி நேரம். அதில் மட்டையை வீசுகிற நேரம் எவ்வளவு இருக்கும்?" என்று நண்பர் கேட்டார்.

"ஐந்து நிமிஷம் இருக்கலாம்."

"மீதி நேரத்தில் என்ன செய்வது? பேச வேண்டியதுதான். ஒரு பெரிய மனிதரின் காரியாலயத்தில் உமக்குக் கால் மணி நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதிலும் டெலிபோன் மணி பாதியைத் தின்றுவிடும். இங்கே அதே மனிதர் நாலு மணி நேரம் உம்முடைய தோளோடு தோள் உரச நடந்து வருகிறார். இடையில் மேசை இல்லை, குமாஸ்தா இல்லை. ஆனால் ஒரு நியதி உண்டு: காரியத்தை நாமாக எடுக்கக் கூடாது. குழந்தைகள் படிப்பைக் கேட்கலாம். முழங்கால் வலியைக் கேட்கலாம். பன்னிரண்டாவது குழிக்கு மேல் அவராகவே, 'உங்கள் கம்பெனியில் இப்போது எப்படி?' என்பார். அப்போதும் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசினால் போச்சு!"

ஆட்டத்தில் ஏற்றத்தாழ்வு வராமலிருக்கவும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. திறமை குறைந்தவருக்குச் சில அடிகளைக் கழித்துக்கொடுத்து, வல்லவரோடு சரிசமமாக நிறுத்துகிறார்கள். இதனால் தலைமை அதிகாரியும் புதிதாகச் சேர்ந்தவரும் ஒன்றாக ஆட முடிகிறது. மேலதிகாரியோடு ஆடும்போது தோற்றுப்போவது ஒரு தனிக் கலை என்றும், அதைத் தெரியாதபடி செய்ய மிகுந்த பயிற்சி வேண்டும் என்றும் நண்பர் சொன்னார்.

இன்னும் முக்கியமானது வேறொன்று. இந்த ஆட்டத்தில் சாதாரண நாட்களில் நடுவர் கிடையாது. புதருக்குள் பந்து அசைந்ததா இல்லையா என்பது ஆடுகிறவருக்கும் அவருடைய மனச்சாட்சிக்கும்தான் தெரியும். அமெரிக்காவின் பெரிய ஆட்டக்காரரான பாபி ஜோன்ஸ், 1925-ல் தேசப் பந்தயத்தில், யாரும் பார்க்காதபோது தம் பந்து அசைந்துவிட்டதாகத் தாமே சொல்லி ஓர் அடியைக் கணக்கில் ஏற்றிக்கொண்டார். அதன் பயனாகப் பந்தயம் சமமாக முடிந்து, மறு ஆட்டத்தில் வெற்றி கைநழுவிற்று.

"எங்கள் பழைய டைரக்டர் ஒருவர் இருந்தார்" என்று நண்பர் தொடர்ந்தார். "ஒரு வியாபாரிக்குப் பெருந்தொகை கடனுக்குச் சரக்கு அனுப்பலாமா என்று மூன்று மாதமாக யோசனை. ஜாமீன் கேட்டோம், கணக்குக் கேட்டோம், முடிவு ஏற்படவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஆடினார்கள். அந்த வியாபாரி மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, 'ஐந்து அல்ல, ஏழு' என்று தாமே சொன்னாராம். மறுநாள் சரக்குப் போயிற்று. ஒரு காசு பாக்கி நிற்கவில்லை."

வேலிக்கு வெளியே

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆயினும் என் மனம் வேறொரு திசையில் சென்றது. மரத்துக்குப் பின்னாலிருந்து 'ஏழு' என்று சொல்லும் யோக்கியன் வேலிக்கு வெளியிலும் இருப்பான் அல்லவா? அவனை யார் பார்ப்பார்கள்?

இதே கல்கத்தாவில், இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், கன்ஷியாம்தாஸ் பிர்லா என்ற இளைஞர் சணல் தரகராக வெள்ளைக்காரக் கம்பெனிகளின் படியேறினார். படியேறினார் என்பது வெறும் சொல்லலங்காரமன்று. மாடிக்குப் போக லிப்டில் அவரை ஏற்றவில்லை. காத்திருக்கும்போது பெஞ்சியில் உட்காரவும் இடம் கொடுக்கவில்லை. இதை அவரே எழுதியிருக்கிறார்; அந்த அவமானந்தான் தம் மனத்தை தேசீயத்தின் பக்கம் திருப்பியது என்றும் எழுதியிருக்கிறார். பெஞ்சியில் உட்கார முடியாதவர், பெஞ்சிக்குச் சொந்தக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்த விலையைத் திங்கட்கிழமை எப்படி அறிவார்? 1919-ல் அவர் சொந்தமாகவே ஒரு சணல் ஆலையை நிறுவினார். ஸர் ராஜேந்திரநாத முகர்ஜியைப் போன்ற மாபெரும் இஞ்சினீயருக்கே, இந்தியர் என்பதால், வெள்ளையர் கிளப் ஒன்றில் விருந்துண்ண அனுமதி கிட்டவில்லை என்றும், அதன் விளைவாகவே 1907-ல் இரு சாராருக்கும் பொதுவான கல்கத்தா கிளப் பிறந்தது என்றும் சொல்வார்கள்.

1947-ல் நாடு விடுதலை பெற்றது. காலப்போக்கில் துரைமார்கள் கப்பலேறினார்கள். மைதானத்தில் முகங்கள் மாறின. வேலி?

பதினான்காவது குழியருகே நண்பர் சற்று நேரம் மௌனமாக நின்றார். பிறகு மெதுவான குரலில் சொன்னார்: "ஓய், எனக்கு நாற்பத்திரண்டு வயதில் மானேஜர் பதவி வந்திருக்க வேண்டும். என் கணக்கில் ஒரு பிழை காட்ட முடியாது. ஆனால் பக்கத்து மேசைக்காரருக்குக் கிடைத்தது. அவர் ஞாயிறு தோறும் முதலாளிகளோடு இங்கே நடந்தவர். கெட்டவர் அல்ல, அவரை அவர்களுக்குத் தெரியும், என்னைத் தெரியாது, அவ்வளவுதான். அடுத்த மாதமே நான் மட்டை வாங்கினேன். கற்றுக்கொண்டேன், பதவியும் பின்னால் வந்தது. ஆனால் வந்தபோதெல்லாம், எத்தனை பேர் மட்டை வாங்க வழியில்லாமல் மேசையிலேயே இருந்துவிட்டார்கள் என்று நினைப்பேன். இப்போது என் பெண் பாங்கியில் இருக்கிறாள். அவளுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டேன்."

அவர் பெண்ணைப் பற்றிச் சொன்னது காரணமில்லாமல் இல்லை. கோல்ப் ஆட்டத்தின் தாய்வீடான ஸ்காத்லாந்து செயிண்ட் ஆண்ட்ரூஸில் உள்ள புகழ்பெற்ற கிளப், பெண்களை அங்கத்தினராகச் சேர்க்க 2014-ல்தான் இணங்கியது. அமெரிக்காவின் பெரு முதலாளிகள் கூடும் அகஸ்டா கிளப்பில் 2012 வரை பெண் அங்கத்தினர் ஒருவர்கூட இல்லை. அத்தனை வருஷமாக அந்தப் புல்வெளிகளில் நடந்த பேச்சு ஒன்றும் அவர்கள் காதில் விழ வழியில்லை.

புல் வெட்டியவர் மகன்

வேலியின் மறுபக்கத்துக்கும் ஒரு கதை உண்டு. இந்த ராயல் கல்கத்தா மைதானத்தில் புல்லைப் பராமரிக்கும் வேலை பார்த்த ஒருவருடைய மகன், தந்தை வெட்டிய புல்லில் தானாகவே ஆடக் கற்றுக்கொண்டான். அவர்தாம் எஸ். எஸ். பி. சௌராசியா. 2008-ல் தில்லியில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸ் பந்தயத்தில் அயல் நாட்டு வீரர்களையெல்லாம் வென்றார். 2016-லும் 2017-லும் இந்தியன் ஓபன் பட்டத்தை அடுத்தடுத்துப் பெற்றார். பையைத் தூக்கி வந்த பெரியவரிடம் அந்தப் பெயரைச் சொன்னேன். அதுவரை காற்றையும் குளத்தையும் தவிர வேறு எதுவும் பேசாதவர் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம வீட்டுப் பையன்!" என்றார்.

"இத்தனை வருஷமாகப் பெரியவர்கள் பேசுவதையெல்லாம் கேட்டிருப்பீர்களே?" என்றேன்.

"கேட்டிருக்கிறேன், பாபு. என்னிடம் யாரும் கேட்டதில்லை" என்று சொல்லிவிட்டு, நண்பர் பெயர்த்துவிட்ட புல் கரணையை எடுத்துப் பள்ளத்தில் பதித்துக் காலால் மிதித்தார்.

வெயில் ஏறிய பின் வாசலுக்கு வந்தோம். நண்பரை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். எத்தனையோ தடவை அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறோம். பதவி தவறிப்போன கதையை ஒரு நாளும் அவர் சொன்னதில்லை. நாலு மணி நேரம் சேர்ந்து நடந்ததும் சொல்லிவிட்டார். புல்வெளிக்கு உள்ள சக்தியை அப்போதுதான் ஒப்புக்கொண்டேன். மனிதர் மனிதரை அறிய, அவசரமில்லாத நேரமும் கூட நடக்கும் துணையும் வேண்டும். அவை கிடைத்தால் நம்பிக்கை பிறக்கிறது. நம்பிக்கை பிறந்தால் வியாபாரமும் பிறக்கிறது. அந்த நேரத்தையும் துணையையும் வேலிக்கு உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் ஒதுக்கிவிடும் வரையில், மேசையருகே எத்தனையோ நல்ல கணக்கர்கள் தலை நரைத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

வண்டி ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். பெரியவர் அடுத்த நால்வரில் ஒருவருடைய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் குழியை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.