வெயில் வேண்டாத செடி

புதிதாகச் செடி வாங்குகிறவர்கள் ஆசையோடு அதைக் கொண்டுபோய் நல்ல வெயிலில் வைக்கிறார்கள். மெய்டன்ஹேர் என்று நர்சரியில் சொல்லி விற்கும் பெரணிக்கு அந்த ஆசையே எமன். உச்சி வெயில் பட்டால் அதன் மெல்லிய இலைகள் சருகாகிவிடும்.

அதன் குணம் தெரிய, நம் ஊர்ப் பழைய கிணறு எதையாவது எட்டிப் பார்க்க வேண்டும். உட்சுவரில் காரை உதிர்ந்த இடுக்குகளில், கறுத்து மெலிந்த காம்புகளோடு தழைத்துத் தொங்கும். யாரும் நட்டதில்லை, உரமிட்டதில்லை. சுவரில் கசியும் ஈரம், தண்ணீரிலிருந்து எழும் குளிர்ச்சி, நேர்வெயில் படாத வெளிச்சம், வேரடியில் நீர் தேங்காத இடம். சுண்ணாம்புக் காரையும் அதற்கு உகந்ததே. இத்தனையும் அமைந்துவிட்டால் அது யாரையும் எதிர்பார்ப்பதில்லை.

1829 வாக்கில் லண்டனில் நதேனியல் வார்டு என்ற மருத்துவர் பெரணி வளர்க்கப் பாடுபட்டார். நகரத்துப் புகையில் எதுவும் நிலைக்கவில்லை. அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு கண்ணாடிக் குப்பிக்குள் மூடி வைத்திருந்தார். அதற்குள் ஒரு பெரணி தானாக முளைத்தது. அதைக் கண்டு அவர் செய்த கண்ணாடிப் பெட்டிகள் 1833இல் செடிகளைச் சுமந்து கப்பலில் சிட்னி வரை போயின. புகையைத் தாங்கச் செடியைப் பழக்க முடியாது, அதற்கேற்ற காற்றை நாம்தான் அமைத்துத் தரவேண்டும் என்பதை அவர் கண்டுகொண்டார். எனக்கு அவர்மேல் பெருமதிப்பு உண்டு.

வீட்டில் வடக்குப் பார்த்த ஜன்னலோரம் பொருத்தம். இலைமக்கு, தென்னைநார்த் தூள், ஆற்றுமணல், கொஞ்சம் கரித்துண்டு கலந்து நடலாம். மண் தொட்டால் எப்போதும் ஈரம் தெரிய வேண்டும். தொட்டிக்கடியில் கூழாங்கல் பரப்பிய தட்டில் நீர் வைத்தால் சுற்றிலும் காற்று சற்று ஈரமாக இருக்கும். உப்பேறிய போர்வெல் தண்ணீர் இலை நுனியைக் கருக்கும். மழைநீர் பிடித்து வைத்து ஊற்றுங்கள். ஏசிக் காற்று நேராகப் படவே கூடாது.

இலையடியில் ஓரமாகப் பழுப்புத் திட்டுகள் தெரிந்தால் பூச்சி என்று மருந்தடிக்க வேண்டாம். அவை வித்துத் தூள் அடங்கிய திட்டுகள். பூவும் விதையும் இல்லாத பெரணி இனம் 30 கோடி ஆண்டுகளுக்கு மேலாக அந்த வித்துத் தூளால்தான் பெருகி வருகிறது.

புதுத் துளிர் சுருண்டபடியேதான் மண்ணிலிருந்து வரும். விரலால் நீவிப் பிரிக்க வேண்டும்போல் இருக்கும். பிரித்தால் நுனி ஒடியும்; ஒடிந்த நுனி மீண்டும் வளராது. கூச்ச சுபாவமுள்ள பிள்ளையை விருந்தாளிகள் முன் நிறுத்திப் பாடச் சொல்லும் பெற்றோரைப் பார்க்கும்போதெல்லாம் இந்தத் துளிர்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. அந்தப் பிள்ளைக்கு என்ன குறை? அறைக்குள் தனியாக இருக்கும்போது அது பாடிக்கொண்டுதான் இருக்கிறது. அதை அப்படியே விடுங்கள்.

கோடையில் ஒருநாள் தண்ணீர் தவறிச் செடி முழுக்கக் காய்ந்து போனாலும் தூக்கி எறியாதீர்கள். காம்புகளை மண்ணோடு ஒட்ட வெட்டிவிட்டு, நிழலில் வைத்து, ஈரம் குறையாமல் பார்த்துவாருங்கள். மண்ணுக்குள் இருக்கும் தண்டில் உயிர் இருந்தால் சில வாரங்களில் துளிர்க்கும். அதுவரை உரம் எதுவும் போட வேண்டாம்.