புருவ மட்டம்

கம்புச் சத்தம் கேட்கும் என்று நினைத்துத்தான் திரேஸ்புரம் கடற்கரைக்குப் போனேன். மணலில் கால் உரசும் சத்தம்தான் கேட்டது. இருபது பிள்ளைகள் இருப்பார்கள். வெறுங்கால், வெறுங்கை.

"மூணு மாசத்துக்குக் கம்பு கிடையாது அண்ணாச்சி. காலு படிஞ்ச பொறவுதான் கைக்கு வேலை" என்றார் ஆசான். விடியுமுன்னே உப்பளத்துக்குப் போய் மதியம் திரும்புகிறவர். மாலையில் சிலம்பம்.

காலடியில் அவர் யாருக்கும் சலுகை தருவதில்லை. ஒரு கால் மறுகாலைக் குறுக்கே கடந்தால் அந்த நொடியில் உடம்பு நிலை இழக்கும். எதிராளி காத்திருப்பதே அதற்குத்தான். பிள்ளைகள் ஒரு வரிசை முடித்ததும் அவர் ஆட்களைப் பார்க்கவில்லை, குனிந்து மணலைப் பார்த்தார். தப்பான காலடி தடமாகக் கிடந்தது. "எலேய், இது யாரு காலு?" ஒரு பையன் தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வந்தான். சிமெண்டுத் தரையில் இந்தப் பாடம் கிடைக்காது.

கம்பு பிரம்பில் ஆனது. கோணலை அனலில் வாட்டி நிமிர்த்தி, எண்ணெய் பூசி வைக்கிறார். வெட்டும்போது பிள்ளையை நிற்க வைத்து, தரையிலிருந்து புருவம் வரை அளக்கிறார். ஒருவர் கம்பு இன்னொருவருக்குச் சரிவராது. அளவு மாறினால் பிடி மாறும், பிடி மாறினால் வீச்சு மாறும். நெட்டையன் தள்ளி நின்றே தொடுவான்; குட்டையானவள் கம்புக்குள் புகுந்துதான் தொட வேண்டும். இருவருக்கும் காலடி ஒன்றே.

மாணவர்களில் சங்கு குளிக்கிற ஒருவரும் இருந்தார், நாற்பதைத் தாண்டியவர். இந்தக் கரையில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோனது, சங்கு குளிப்பு நிற்கவில்லை. பத்து மீட்டர் ஆழத்தில் உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்கு. பல வருடம் அதைத் தாங்கிய காது அவருடையது, உடம்பின் சமநிலையோ உள்காதில் இருக்கிறது. முழுதாகச் சுழன்று திரும்பினால் தள்ளாடுகிறார். ஆசான் அவருக்குச் சுழற்சியைப் பாதியில் வெட்டி, ஒரு அடி பின்வாங்கித் தடுக்கும்படி மாற்றிக் கொடுத்திருக்கிறார். "முறை கெட்டுப் போகாதா ஆசான்?" என்று கேட்டேன். "அடி அவரு மேல விழலியே. பெறகென்ன?"

எனக்கு இது சரியென்றே படுகிறது. துளுக்காணம், மறக்காணம், கள்ளப்பத்து, நாகம் பதினாறு என்று சிலம்பத்துக்கு எத்தனை முறைகள்! ஒரே அச்சில் வார்த்திருந்தால் இத்தனை பெயர் எப்படி வந்திருக்கும்? பாஞ்சாலங்குறிச்சி இங்கிருந்து பக்கம்தான். 1801இல் ஊமைத்துரையின் போர் அடங்கியதும் கம்பெனி தெற்கத்திச் சீமையில் ஆயுதங்களைப் பறித்தது. அதன் பிறகும் கம்பு ஊருக்கு ஊர், ஆசானுக்கு ஆசான் கைமாறி வந்தது. அந்தந்தக் கையின் வாகும் அதில் சேர்ந்தது.

இப்போது சிலம்பம் தமிழக அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டியில் காட்சி விளையாட்டாகவும் இடம்பெற்றது. மகிழ்ச்சிதான். ஆனால் போட்டிக்கென்று பழக்கும்போது எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேகத்தில் ஒரே மாதிரி சுற்றுவதைப் பார்க்கிறேன், கால் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார் இல்லை. விட்டுக்கொடுக்கக் கூடாத இடத்தில் விட்டுவிட்டு, விட வேண்டிய இடத்தில் இறுக்குகிறோம்.

ஆசானிடம் கம்புக்கு வந்துவிட்ட இடக்கைக்காரச் சிறுமி ஒருத்தி உண்டு. வணக்கம் வைப்பதை எல்லோரையும் போல வலக்கையில் செய்கிறாள். ஆட்டம் தொடங்கியதும் கம்பு இடக்கைக்குப் போய்விடுகிறது. எதிரே நின்ற பையனுக்கு அடி எந்தப் பக்கம் வருகிறதென்றே புரியவில்லை. ஆசான் தடுக்கவில்லை. அவள் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருட்டியதும் அவளைக் கூப்பிட்டுக் கம்பைப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார். புருவத்துக்கு இரண்டு விரற்கடை கீழே நின்றது. வளர்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை புதுக் கம்பு வெட்ட வேண்டும்.